என் வாய்க்காலைத் தோற்கடிக்க நான் பட்ட பாடு

என் பெயர் ஏவர்ட் ஹோக்லண்ட். ஹோக்லண்ட் என்றால் மேட்டு நிலம். குடியிருப்பதோ வற்றவைத்த ஏரியின் அடியில், கடல் மட்டத்துக்கும் கீழே. சிரிக்க நினைக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். போகப் போக இன்னும் நிறைய வரும், மூச்சு வாங்கும்.

நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே மீன்தான் விளைந்தது. எங்கள் முன்னோர்கள் சுற்றிலும் கரை கட்டி, காற்றாலை வைத்துத் தண்ணீரை இறைத்துக் கரைமேல் ஓடும் கால்வாயில் கொட்டிவிட்டு, கீழே கிடந்த சேற்றைக் கட்டம் கட்டமாக வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் எங்கள் மாட்டுக் கொட்டகையின் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் படகு போகும். ஆம்ஸ்டர்டாம் இங்கிருந்து அரை மணி நேரம். எங்கள் பாலும் சீஸும் உருளைக்கிழங்கும் தினமும் அங்கே போகின்றன. அங்கிருந்து எங்களுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்கள் மட்டும்தான், அதிலும் பாதிப் பேர் வழி கேட்கத்தான் நிற்பார்கள்.

இந்தப் பள்ளத்தில் ஒருவன் யோக்கியனா என்று தெரிந்துகொள்ள அவன் சர்ச்சுக்குப் போகிறானா என்று யாரும் பார்ப்பதில்லை. அவன் வாய்க்காலைப் பார்ப்பார்கள். ஒருவன் வாய்க்காலில் பாசி அடைத்தால் பத்துப் பேர் வயலில் தண்ணீர் நிற்கும். அதனால் ஒவ்வொரு நவம்பரிலும் நீர் வாரியத்திலிருந்து ஓர் ஆபீசர் வருவார். உள்ளூர் விவசாயிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாக நடப்பார். பாசியும் கோரையும் வாரியெடுக்காமல் கிடந்தால், கரையில் சிவப்புத் தலை வைத்த ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போவார். போகிற வருகிறவன் எல்லாம் பார்ப்பான். கடைக்காரி ரொட்டி கொடுக்கும்போது கூட ஒரு மாதிரி சிரிப்பாள்.

அந்த இரண்டு விவசாயிகளில் ஒருவன் பல வருஷமாக நான்தான். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. "இந்த ஆளை வெளியே நிறுத்தினா இன்னும் அதிகமாப் பேசுவான், உள்ளேயே வெச்சுக்குவோம்" என்று முடிவு பண்ணியதாகக் கேள்வி. எனக்குக் கண் அப்படி. நாணலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கைப்பிடிப் பாசியைப் பத்தடி தூரத்தில் கண்டுபிடிப்பேன். என் மூக்குக்குக் கீழே நடப்பது மட்டும் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் குச்சிகளை அதிகமாக வாங்கியவன் கிரேலிஸ். எனக்கு நேர் எதிர் நிலத்துக்காரன், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். நல்ல மாடு வளர்ப்பான், ஆனால் வாய்க்கால் விஷயத்தில் சோம்பேறி. அவன் கரையில் நான் நட்ட குச்சிகளைச் சேர்த்து வேலி கட்டியிருந்தால் அவன் மாடு ஒன்றுகூட ரோட்டுக்கு வந்திருக்காது. வருஷா வருஷம் சண்டை போடுவான். "பாசி இல்லைய்யா அது, தவளை!" என்பான். "தவளைன்னா குதிக்கச் சொல்லு" என்பேன். சண்டை முடிந்ததும் அவன் வீட்டில் காபி. காபியோடு ஒரே ஒரு பிஸ்கட். ஆளுக்கு ஒன்று எடுத்ததும் டப்பாவை மூடிவிடுவான், அது எங்கள் ஊர் வழக்கம்தான். ஆனால் என் விஷயத்தில் மூடி கொஞ்சம் வேகமாக விழும்.

என் மனைவி அலைடா ஆம்ஸ்டர்டாம்காரி. அவளை நான் பிடித்த கதையைச் சொன்னால் என் பேரக்குழந்தைகள் இன்னும் நம்புவதில்லை.

எங்கள் பள்ளத்தில் எல்லாமே தட்டை. வண்டியை எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும். கை பிரேக் என்று ஒன்று இருப்பது தெரியும், குடை மாதிரி அதுவும் கூடவே வரும், அவ்வளவுதான். இருபத்தொன்பது வயதில் வேன் நிறைய சீஸ் ஏற்றிக்கொண்டு ஆம்ஸ்டர்டாம் போனேன். கடைக்கு முன்னால் இடம் இல்லை. கால்வாய்ப் பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு, ஒரு சீஸைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினேன். அந்த ஊர்ப் பாலங்கள் ஒட்டகத்தின் முதுகு மாதிரி வளைந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். வண்டிக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வேன் மெதுவாக, மிக மரியாதையாக, பின்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பாலத்தின் கைப்பிடியில் சாய்த்திருந்த ஒரு சைக்கிளை அப்பளமாக நொறுக்கிவிட்டு நின்றது. சைக்கிளின் சொந்தக்காரி பக்கத்தில் நின்றாள்.

"உன் வண்டிக்கு பிரேக்கே கிடையாதா?"

"இருக்கு. எங்க ஊர்ல அது தேவைப்படாது."

அவள் திட்டுவாள் என்று தோளில் இருந்த சீஸோடு அசையாமல் நின்றேன். அவள் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே நான் விழுந்தேன். அடுத்த வருஷம் கரைமேல் ஏறி, இந்தப் பக்கம் இறங்கி, என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து எந்தச் சண்டை வந்தாலும் கடைசி வார்த்தை இதுதான்: "உனக்காக நான் எவ்வளவு கீழ இறங்கி வந்திருக்கேன், தெரியுமா?" அளந்து பார்த்தாலும் உண்மைதானே.

இப்போது பண்ணை எங்கள் மகள் ஹில்டே கையில். அவளும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் கன்றுக்குட்டிக் கொட்டகையை மாற்றிக் கட்டிய இரண்டு அறைக்குள் இடித்துக்கொண்டு இருக்கிறார்கள். இளசுகள் பொறுப்பேற்றால் பெரிசுகள் வீட்டைக் காலி செய்து டவுனுக்குப் போய்விட வேண்டும், இதுவும் எங்கள் வழக்கம். கிரேலிஸின் அப்பா போனார், என் அப்பா போனார். நான் போகவில்லை. காலையில் எழுந்து ஹில்டே பால் கறக்கும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டு யோசனை சொல்வேன்.

"அப்பா, காபி ஆறுது. வீட்டுக்குப் போங்க."

"நான் இன்னும் குடிக்கவே ஆரம்பிக்கலையே."

"அதான் ஆறுது."

அலைடா பக்கத்து டவுனான பர்மரெண்டில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். நாலாவது மாடி, பால்கனி, லிஃப்ட். நவம்பர் முடிவதற்குள் சரி என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். "முப்பத்தஞ்சு வருஷம் கடலுக்குக் கீழ குடித்தனம் பண்ணியாச்சு. சாகறதுக்குள்ள கொஞ்ச நாள் மேல இருந்து எட்டிப் பார்க்கணும்" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினேன். அவள் இரண்டாவது தடவை சொன்னாள், மூன்றாவது தடவை சொன்னாள். எனக்கு அந்தச் சமயம் பார்த்து எங்கேயாவது ஒரு கேட் சரியாக மூடாமல் இருக்கும், போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு ஞாயிறு மதியம் பட்டாணி சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஹில்டே குடும்பமும் இருந்தது. அலைடா மறுபடியும் அந்த வீட்டைப் பற்றி எடுத்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கரண்டியை உயர்த்திக்கொண்டு முழங்கினேன்.

"ரோட்டோர வாய்க்கால் என் வாய்க்கால். இந்த வருஷ சோதனையில அது தோத்துச்சுன்னா, அன்னைக்கே மூட்டை கட்டறேன்!"

பேரப்பிள்ளைகள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். ஹில்டே மட்டும், "சத்தியமா அப்பா?" என்றாள்.

"ஹோக்லண்ட் வார்த்தை."

அலைடா "சரி" என்றாள். சூப்பைக் குடித்து முடித்தாள். அவளுக்கு நன்றாகத் தெரியும், எனக்கும் தெரியும், எங்கள் பள்ளம் முழுவதற்கும் தெரியும்: அந்த வாய்க்கால் தோற்றதே இல்லை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாய்க்காலை விட்டுச் சொல்ல வைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நானே மீசையை முறுக்கிக்கொண்டேன். எனக்கு மீசை கிடையாது, அது வேறு விஷயம்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். மற்ற வாய்க்காலுக்கெல்லாம் ஹில்டே டிராக்டரில் பாசி வாரும் கருவியை மாட்டுவாள். இதை மட்டும் நான் கையால், நீளக் கம்பு வைத்த வாரியால். வாரி எடுத்த பாசியைக் கரையில் குவித்து வைத்தேன். முடித்தபோது அந்தத் தண்ணீரில் தலை வாரிக்கொள்ளலாம். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை.

சோதனைக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு சாயங்காலம், ஹில்டே கொட்டகைச் சாவியைக் கேட்டு வந்தாள். சாவி அலைடாவிடம். அலைடா வழக்கம்போல நடக்கப் போயிருந்தாள். தேடிக்கொண்டு போனேன். கரைமேல் ஏறி எத்தனையோ வருஷமாகிவிட்டது. முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம் கொடுத்தது. மேலே ஒரு பெஞ்ச். அதில் அலைடா கோட்டுப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு, ஃபிளாஸ்க் பக்கத்தில் இருக்க, நகரம் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அடிவானத்தில் விளக்குகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன.

"இங்க என்ன பண்றே?"

"பார்க்கறேன்."

"என்னத்தை?"

"தூரத்தை."

"தினமுமா?"

"கல்யாணம் ஆன வாரத்துல இருந்து."

"நடைப் பயிற்சின்னுல்ல நினைச்சேன்."

"நீயா நினைச்சுக்கிட்டே. நான் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லையே."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே என் வீடு தெரிந்தது, தீப்பெட்டி அளவுக்கு. பத்தடி தூரத்துப் பாசியைப் பார்க்கிற கண் எனக்கு. என் வீட்டுக்காரி தினமும் சாயங்காலம் எங்கே போகிறாள் என்று இத்தனை வருஷம் பார்க்கத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. "போகலாம் அலைடா, அந்த வீட்டுக்கே போகலாம்" என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

"கொட்டகைச் சாவி உன்கிட்டயா இருக்கு?" என்றேன்.

எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு இறங்கினேன். என்னைப் போன்ற கழுதையை அந்தக் கரை அதற்கு முன்னும் பின்னும் பார்த்திருக்காது.

அன்றிரவு தூக்கமில்லை. சூப் மேஜையில் முழங்கிய வாயால் திரும்பிப் போய் "சும்மா சொன்னேன்" என்று சொல்ல முடியுமா? ஹோக்லண்ட் வார்த்தை ஆயிற்றே. யோசித்து யோசித்து ஒரே வழிதான் தெரிந்தது. வாய்க்கால் தோற்க வேண்டும். தோற்றால் வார்த்தையும் நிற்கும், வீடும் மாறலாம், மனசுக்குள் இருப்பதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டாம். பிரமாதம்.

சோதனைக்கு முந்தின நாள், விடிந்ததும் விடியாததுமாக, குவித்து வைத்த பாசியைக் கவைக்கோலால் அள்ளி அள்ளித் தண்ணீருக்குள் போட்டேன். எடுக்கும்போது இருந்த கனத்தைவிடப் போடும்போது இரண்டு மடங்கு கனம். எங்கள் பள்ளத்தின் சரித்திரத்தில் இந்த வேலையைச் செய்த முதல் ஆள் நான்தான். எதிர்க் கரையில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. கிரேலிஸ்.

"யோவ் ஏவர்ட். எடுக்கறியா, போடறியா?"

"எடுக்கறேன்."

"எடுக்கறதுன்னா தண்ணியில இருந்து கரைக்கில்ல வரணும்?"

"கை தவறி விழுந்துடுச்சு."

"வண்டிக் கணக்கிலயா?"

அவன் ஒரு காலை ஊன்றி நின்றபடி பாசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் வீட்டு ஜன்னலைப் பார்த்தான். ஹில்டேயின் வாய்க்குப் பூட்டு கிடையாது. சூப் மேஜைச் சபதம் அன்று சாயங்காலமே அவன் காதுக்குப் போயிருக்கும். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் நீர் வாரியத்திலிருந்து வந்தவள் ஃபெம்கே என்ற சின்னப் பெண். வேலைக்குப் புதுசு, பூட்ஸும் புதுசு. அந்த வருஷம் கூடப் போகும் இரண்டு விவசாயிகள் நானும் கிரேலிஸும். மற்ற வாய்க்காலெல்லாம் முடித்து, மத்தியானத்துக்கு முன்னால் என் வாய்க்காலுக்கு வந்தோம். சொந்த வாய்க்காலுக்கு வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். நான் ஒதுங்கி நின்றேன். ஆபீசரும் இன்னொரு விவசாயியும் ஒத்துப்போனால்தான் குச்சி.

ஃபெம்கே தண்ணீரைப் பார்த்தாள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடினாள் என்பதுதான் சரி. பையிலிருந்து குச்சியை எடுத்தாள்.

"சுத்தமா இருக்கு" என்றான் கிரேலிஸ்.

"சார்?"

"கண்ணாடி மாதிரி இருக்கும்மா. அடுத்த வாய்க்கால் போகலாம்."

"பச்சையா இருக்கே சார்!"

"அது வானத்தோட நிழல்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. சட்டமாவது மண்ணாவது. "டேய் கிரேலிஸ், உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? ஒரு மாடு நடந்து போகலாம்டா இது மேல! நடுடா குச்சியை!"

"முடியாதுய்யா. எத்தனை வருஷம் ஒரு தவளைக்கெல்லாம் எனக்குக் குச்சி நட்டே? இப்ப உனக்குக் குச்சி வேணும்னா நான் நட்டுக் குடுக்கணுமோ? ஜெயிச்சுட்டே. போ, சந்தோஷமா இங்கேயே கிட."

"இது என்ன, பாசி இல்லாம பட்டுத் துணியா?" என்று கத்திக்கொண்டே காட்டுவதற்காகக் குனிந்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது ஆனைகளுக்கு ஆறுதல். எனக்குச் சறுக்கிய வேகத்தில் அடுத்த நொடி இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். நவம்பர்த் தண்ணீர். தலையில் பாசி, கையில் பாசி, சட்டைக்குள் உயிரோடு ஏதோ ஒன்று. நேற்று நான் போட்டதெல்லாம் ஒன்றுவிடாமல் என்னை வந்து கட்டிக்கொண்டது.

"பாரும்மா! நல்லாப் பாரு! இதுக்கு மேல என்ன வேணும்?"

ஃபெம்கே பயந்துபோய்விட்டாள். "ஐயா, உங்க வாய்க்காலைத் தோக்கடிக்கச் சொல்லி நீங்களே கேக்கறீங்களா?"

"ஆமா!"

"ஏன் ஐயா?"

அப்போதுதான் பார்த்தேன். காபித் தட்டோடு அலைடா கரையில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. தட்டில் ஆப்பிள் கேக்கும் இருந்தது.

"கேக்கறாங்கல்ல," என்றான் கிரேலிஸ். அவன் குரல் மாறியிருந்தது. "சொல்லுய்யா ஏன்னு."

ஓடிப்போய்ச் சரிபார்க்க அங்கே கேட் எதுவும் இல்லை. கால் சேற்றில் புதைந்திருந்தது. "அலைடா," என்றேன். பல் கிடுகிடுத்தது. "போகலாம்."

"எங்க?"

"அந்த வீட்டுக்கு. நாலாவது மாடிக்கு. நீ பார்க்கறதை எல்லாம் நானும் உன்கூட உட்கார்ந்து பார்க்கணும். வாய்க்கால் ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி. நான் வரேன்."

அவள் தட்டைப் புல்லில் வைத்தாள். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் போலிருக்கிறது.

"இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உனக்கு வாய்க்காலுக்குள்ள விழணுமா மனுஷா?"

"ஆமா," என்றேன். வேறு என்ன சொல்ல? உண்மை அதுதான்.

"கையைக் குடு."

கொடுத்தேன். என் எடைக்கு அவளும் உள்ளே வரப் பார்த்தாள். கிரேலிஸ் ஓடி வந்து அவள் கோட்டைப் பிடித்துக்கொள்ள, ஃபெம்கே கிரேலிஸைப் பிடித்துக்கொள்ள, ஒரு வழியாகக் கரைக்கு வந்தேன். அலைடா தன் கழுத்துத் துணியை அவிழ்த்து என் தலையைத் துவட்டினாள். எனக்கு அழுகை வந்தது. குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன், யாரும் நம்பவில்லை.

ஃபெம்கே இன்னும் கையில் குச்சியோடு நின்றாள். "சார், இப்ப நடறதா, வேண்டாமா?"

கிரேலிஸ் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தான். எதிர்க் கரையில் இருக்கும் தன் வீட்டைப் பார்த்தான். "இந்த ஆள் போயிட்டா வருஷா வருஷம் நான் யார்கூடம்மா சண்டை போடுவேன்?" என்று அவளிடம் கேட்டான். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், பாவம்.

பிறகு குச்சியை அவள் கையிலிருந்து வாங்கி, அவனே என் கரையில் நட்டான். அது கோணலாகத்தான் நின்றது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.